ஞாயிறு ஆர்கன், திங்கள் கிடங்கு: பழைய சிங்கப்பூர் ஆலய இசைஞர் ஒருவரின் வாழ்வைத் தேடி எழுதும் முறை

"அந்தக் காலத்திலே கோயிலில் ஆர்கன் வாசித்தவர், வியாபாரமும் பார்த்தார்." பல கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பெரியவரைப் பற்றி எஞ்சியிருப்பது இந்த ஒரு வரிதான். சபையின் நூற்றாண்டு மலர் தயாராகும்போது இதை ஒரு பக்கக் கட்டுரையாக ஆக்கித் தரச் சொல்வார்கள். ஆக்கலாம். சிங்கப்பூரில் அதற்கான காகிதங்கள் நிறையவே பிழைத்திருக்கின்றன, பாதிக்கு மேல் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஆனால் ஒரு சிக்கலை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஆலயக் காகிதங்கள் அவரை ஆர்கனிஸ்டாக மட்டுமே காட்டும். வணிகக் காகிதங்கள் வணிகராக மட்டுமே காட்டும். இருவரும் ஒரே ஆள் என்று அவை தாமாகச் சொல்வது அபூர்வம். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒட்டிவிட்டால், அண்ணனின் கடையும் தம்பியின் ஆர்கனும் ஒருவர் தலையில் ஏறிவிடும். அச்சான மலரில் ஏறிய தவறு அடுத்த மலருக்கும் போகும். ஆகவே இரண்டு தடங்களையும் தனித்தனியே திரட்டுங்கள். மூன்றாவது சான்று ஒன்று கிடைத்த பிறகே அவற்றை இணையுங்கள். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் இதற்காகத்தான்.

எந்த ஆலயம் என்பதே முதல் கேள்வி

பதிவேடு எங்கே இருக்கும் என்பதைத் திருச்சபைதான் தீர்மானிக்கிறது. ஆங்கிலிக்கன் சபை 1869 வரை கல்கத்தா ஆயரின் கீழ் இருந்தது. பிறகு லபுவான்–சரவாக் மறைமாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1909இல் சிங்கப்பூருக்கென்று தனி மறைமாவட்டம் ஆனது. இதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. தொடக்க காலத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதால், அவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இன்றும் உள்ளன. ஆலயத்து மூலப்பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தாலும் அந்தப் படி பிழைத்திருக்கலாம்.

புனித அந்திரேயா ஆலயத்தைக் குறிப்பிடும்போது ஆண்டைக் கவனியுங்கள். 1830களில் கட்டிய முதல் ஆலயத்தில் இருமுறை இடி விழுந்தது. 1852இல் அது மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. இன்று நிற்கும் கட்டடம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்து 1862இல் அர்ப்பணிக்கப்பட்டது. பேராலயம் என்ற தகுதி 1870இல்தான் வந்தது. 1850இல் வாசித்தவரை "பேராலய ஆர்கனிஸ்ட்" என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் முதல் வரியிலேயே மலரை மூடிவிடுவார்.

கத்தோலிக்கர் என்றால் நல்லாயன் பேராலயம் 1847, புனித பேதுரு பவுல் ஆலயம் 1870, ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா ஆலயம் 1888. லூர்து மாதா ஆலயம் எழும்வரை தமிழ்க் கத்தோலிக்கர்களின் பதிவுகள் மற்ற ஆலயங்களில்தான் இருக்கும். விக்டோரியா ஸ்திரீட் புனித சூசையப்பர் ஆலயம் போர்த்துகீசிய மிஷனைச் சேர்ந்தது, 1981 வரை மக்காவ் ஆயரின் அதிகாரத்தில் இருந்தது. மற்ற ஆலயங்களில் தேடிக் கிடைக்காத குடும்பம் அங்கே கிடைப்பதுண்டு. மெதடிஸ்டுகளுக்கு 1885க்கு முன்னால் தேட வேண்டியதில்லை, மிஷன் தொடங்கியதே அந்த ஆண்டில்தான்.

கத்தோலிக்கப் பதிவேடு லத்தீனில் இருக்கும். வீட்டில் இராயப்பன் என்று அழைத்தவர் அங்கே பெத்ருஸ். அருளப்பன் யோவான்னெஸ், சின்னப்பன் பவுலுஸ், சந்தியாகு யாக்கோபுஸ், சவரிமுத்து சவேரியுஸ், சூசை யோசேஃபுஸ். வணிகப் பத்திரத்திலோ ஆங்கிலப் பெயர் வரும்: பீட்டர், ஜான், பால். ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள் ஆகிவிடுகின்றன, மூன்றையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தமிழர்களில் மகனின் முன்னெழுத்து தந்தையின் பெயரிலிருந்து வருவதால், தலைமுறைக்குத் தலைமுறை "குடும்பப் பெயர்" மாறுவதையும் மறக்க வேண்டாம். பிள்ளை என்பதைக்கூட ஆங்கிலத்தில் ஐ போட்டும் ஒய் போட்டும் எழுதியிருப்பார்கள்.

முகவரி நூல்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சிங்கப்பூருக்கு ஆண்டு முகவரி நூல்கள் வெளிவந்தன. தேசிய நூலகத்தின் புக்எஸ்ஜி தளத்தில் பல ஆண்டுகளுக்கானவை உள்ளன. தளத்தில் இல்லாததை விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் கேளுங்கள். ஒவ்வொரு நூலிலும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஆலயப் பகுதியில் குருவானவர், அறங்காவலர், ஆர்கனிஸ்ட் பெயர்கள் இருக்கும். வணிக நிறுவனப் பகுதியில் பங்காளிகள் முதலிலும், உதவியாளர்களும் எழுத்தர்களும் அடுத்தும் வருவார்கள். குடியிருப்போர் பட்டியல் அகர வரிசையில் இருக்கும். மூன்றிலும் ஒரே முன்னெழுத்துகளோடு ஒரே பெயர் வருகிறதா என்று ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பட்டியலிடுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒரு ஆண்டின் முகவரி நூல் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் தொகுக்கப்பட்டது. 1890 நூலில் பெயர் இருந்தால் 1889 இறுதியில் அவர் அங்கே இருந்தார் என்றுதான் அர்த்தம், அதற்குள் ஊரை விட்டுப் போயிருக்கவும் கூடும். இரண்டாவது, பதவிப் பெயர். நிறுவனத்தில் "உதவியாளர்" என்றிருப்பவர் சம்பளக்காரர், அவரை வணிகர் என்று உயர்த்தி எழுதாதீர்கள். உரிமையாளர் சார்பில் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவர்கூட பங்காளி ஆகிவிடமாட்டார். ஆலயப் பக்கமும் அப்படியே: "கௌரவ ஆர்கனிஸ்ட்" என்றால் ஊதியம் இல்லை. பாடகர் குழுத் தலைவர் வேறு, ஆர்கனிஸ்ட் வேறு. சிறிய சபையில் இரண்டையும் ஒருவரே பார்த்திருக்கலாம், ஆனால் அதற்கும் சான்று வேண்டும்.

பத்திரிகைத் தேடல்

அதிக நேரம் இங்கேதான் போகும், அதிகப் பலனும் இங்கேதான். தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் சிங்கப்பூர் கிரானிக்கல், 1835இல் தொடங்கிய ஃபிரீ பிரஸ், 1845இல் தொடங்கிய ஸ்திரெய்ட்ஸ் டைம்ஸ் ஆகியவை உள்ளன. ஃபிரீ பிரஸ் 1869இல் நின்று 1884இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் அதில் எதுவும் இல்லை என்பதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது. தமிழில் சிங்கைநேசன் வார இதழ் 1887 முதல் 1890 வரை வந்தது, தமிழ் முரசு 1935இல் தொடங்கியது. தமிழ்ச் சபைகளின் ஆராதனைச் செய்திகளுக்குப் போருக்கு முந்தைய முரசைத் தவறாமல் புரட்டுங்கள்.

பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும், அல்லது ஒன்றுமே வராது. பழைய அச்சை இயந்திரம் படித்து எழுத்தாக்கியிருப்பதால் பிழைகள் மலிந்திருக்கும், ஒரு எழுத்து தேய்ந்திருந்தாலும் பெயர் மாட்டாது. அதனால் பெயருக்குப் பதில் சூழலைத் தேடுங்கள்: ஆலயத்தின் பெயரோடு "ஆர்கன்", "பாடகர் குழு", "புதிய இசைக்கருவி" என்ற ஆங்கிலச் சொற்கள், நிறுவனத்தின் பெயரோடு "பங்கு", "பொறுப்பு", "இன்று முதல்" என்ற அறிவிப்புச் சொற்கள். கால வரம்பை ஐந்து ஆண்டுகளாகச் சுருக்குங்கள். விளம்பரப் பகுதியை ஒதுக்கிவிடாதீர்கள், வணிகர் அதிகம் தென்படுவது அங்கேதான். திருமணச் செய்தியில் மணமக்கள் பெயரைத் தாண்டிக் கடைசிப் பத்தி வரை படியுங்கள். "ஆர்கன் வாசித்தவர் திரு. இன்னார்" என்ற வரி அங்கே ஒளிந்திருக்கும்.

கப்பல் பயணிகள் பட்டியலில் முன்னெழுத்து இல்லாமல் வெறும் குடும்பப் பெயர்தான் வரும். அதைத் தனிச் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஆனால் வேறொன்றோடு சேரும்போது அதற்குப் பலம் வந்துவிடும், எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

கருவி சொல்லும் செய்தி

அவர் வாசித்தது குழல் ஆர்கனா, காலால் மிதிக்கும் ஆர்மோனியமா? பல மலர்களில் எல்லாவற்றையும் "ஆர்கன்" என்றே எழுதிவிடுகிறார்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம், வாசித்தவரின் திறமையும் சபையின் வசதியும் இதிலிருந்துதான் தெரியும்.

ஆலயத்தின் வரவு செலவுக் கணக்கைப் பாருங்கள். துருத்தி ஊதுபவருக்கு மாதக் கூலி எழுதியிருந்தால் அது பெரும்பாலும் குழல் ஆர்கன். ஒருவர் பின்னால் நின்று நெம்புகோலை அழுத்திக் காற்று ஏற்றியாக வேண்டும். கூலி இல்லையென்றால் வாசிப்பவரே மிதிக்கும் நாக்குக் கருவி, அதாவது உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும் ஆர்மோனிய வகை. இரண்டு விசைப்பலகையும் கால்கட்டைகளும் கொண்ட பெரிய நாக்குக் கருவிகளுக்கும் ஆள் தேவைப்பட்டதால், கூலி ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பழுதுச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். குழல்களுக்குச் சுருதி சேர்த்த செலவு வந்தால் சந்தேகமில்லை. சிங்கப்பூரில் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1906இல். அதற்குப் பிந்தைய கணக்கில் ஊதுபவரின் கூலி திடீரென்று நின்றால், மின்விசை பொருத்தியிருக்கிறார்களா என்று அதே ஆண்டின் சபைக் குறிப்பில் தேடுங்கள்.

பத்திரிகையில் "ஆர்கன் சுருதி விலகியிருந்தது" என்று குறை எழுதியிருந்தால் உடனே வாசித்தவர் மீது பழி போடாதீர்கள். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் குழலின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும், 100 சென்ட் சேர்ந்தால் ஓர் அரைச்சுரம். இங்கிலாந்தில் 15 டிகிரியில் சுருதி சேர்த்து அனுப்பிய குழல், இங்கே 30 டிகிரியில் ஏறக்குறைய பாதி அரைச்சுரம் ஏறி ஒலிக்கும். அதே கருவியில் உள்ள நாக்குக் குழல்கள் அந்த அளவுக்கு அசையாது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒன்றோடொன்று முட்டும். ஈரப்பதமோ இன்னொரு பகை. மிருகப் பசை இளகித் தோல் துருத்தி விட்டுப்போகும், மரம் பருத்துக் கட்டைகள் சிக்கிக்கொள்ளும், தொடாத குழல் தானே ஊதிக்கொண்டிருக்கும். ஆராதனை நடுவே அப்படி ஒரு குழல் அலறினால், அது சேர்ந்த குழல் வரிசையை, அதாவது அந்தத் தொகுப்பையே நிறுத்திவிட்டு மற்றவற்றால் சமாளித்து முடிக்க வேண்டும். இதையெல்லாம் மீறி ஆண்டுக்கணக்கில் வாசித்தவர் என்றால் அதுவே அவரைப் பற்றிய பெரிய செய்தி. மலரில் அதற்கு இடம் கொடுங்கள்.

கருவியின் அளவைக் குறிக்கும் "8 அடி", "16 அடி" என்ற எண்கள், அந்தத் தொகுப்பில் மிகத் தாழ்ந்த சுரத்துக்கான திறந்த குழலின் தோராய நீளம். கருவியின் உயரத்தைச் சொல்வதாக எடுத்து எழுதிவிட வேண்டாம். அந்தக் காலத்துக் குழல் ஆர்கனை நேரில் கேட்க விரும்பினால் நல்லாயன் பேராலயத்துக்குப் போங்கள். லண்டன் பெவிங்டன் நிறுவனம் செய்து 1912இல் நிறுவிய கருவி அங்கே இன்றும் ஒலிக்கிறது.

கிடங்கின் காகிதங்கள்

வணிகத் தடத்துக்கு முதல் ஊற்று அரசிதழ் அறிவிப்புகளும் பத்திரிகையின் முதல் பக்கமும். பங்காளி சேர்ந்தாலும் விலகினாலும், கடை நொடித்தாலும் அறிவிப்பு வரும். அவற்றின் தேதிகளை முகவரி நூல் பட்டியலோடு பொருத்துங்கள். 1914க்கு முன் ஜெர்மன் நிறுவனங்களில் வேலை பார்த்தவர் என்றால் தடம் அந்த ஆண்டில் அறுந்துபோகும். போர் தொடங்கியதும் ஜெர்மானியர்கள் சிறை வைக்கப்பட்டார்கள், நிறுவனங்கள் கலைக்கப்பட்டன. ஜெர்மானியர்களின் தியூட்டோனியா மன்றத்து இசை நிகழ்ச்சிச் செய்திகளை அதற்கு முந்தைய ஆண்டுகளில் தேடலாம்.

தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் கதவு ஒன்று உண்டு. வணிகர்கள் பலர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (செட்டியார்களின் கடன் கடைகளில்) நகரத்தாரிடம் கடன் வாங்கினார்கள். கடன் தகராறு நீதிமன்றம் போனால், பத்திரிகையின் வழக்குப் பகுதியில் செட்டியாரின் விலாசம் (மூன்று நான்கு முன்னெழுத்துகள்) ஒரு பக்கமும் வணிகரின் பெயர் மறுபக்கமும் வரும். குடும்பத்தாரிடம் பழைய பற்றுச்சீட்டோ கணக்கேடோ இருந்தால் அதில் தமிழ் எண்களும் தமிழ் ஆண்டும் இருக்கும். ௲௮௱௮௰௧ என்றிருந்தால் 1881. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். "விஷு ௵ தை ௴" என்றால் 1881 அல்ல, 1882 ஜனவரி–பிப்ரவரி. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் விஷு மறுபடி 1941இலும் வருகிறது. எந்தச் சுற்று என்பதைத் தாளையும் மையையும் பார்த்து ஊகிக்காதீர்கள், அதில் வரும் ஆட்களின் பெயரைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

பணத்தை இன்றைய வெள்ளிக்கு மாற்றி எழுதும் ஆசையை அடக்குங்கள். ஸ்திரெய்ட்ஸ் டாலர் 1906இல் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. அதற்கு முன் வெள்ளி உலோகத்தின் விலையோடு ஏறி இறங்கியது. அதே ஆண்டுப் பத்திரிகையில் வரும் அரிசி விலையையும் ஓர் எழுத்தரின் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்தால் வாசகருக்குத் தானாகப் புரியும். மிளகும் கேம்பியரும் (தோல் பதனிடப் பயன்பட்ட செடிச் சாறு) பிக்கல் என்ற எடைக் கணக்கில் விற்றன. ஒரு பிக்கல் 100 கட்டி, சுமார் 60.5 கிலோ.

இரண்டு தடங்களையும் இணைப்பது

இணைக்கும் சான்றுகளில் மிக உறுதியானது கையொப்பம். ஆலயத் திருமணப் பதிவேட்டில் ஆர்கனிஸ்ட் சாட்சியாகக் கையெழுத்திட்டிருப்பது உண்டு. அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவருடைய உயிலிலோ பங்கு ஒப்பந்தத்திலோ உள்ள கையொப்பத்தோடு ஒப்பிடுங்கள். முதலெழுத்தின் வளைவு, இரண்டு முன்னெழுத்துகள் சேரும் இடம், அடியில் இழுக்கும் கோடு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பதிவேட்டின் படியில் பார்ப்பது வீண், அங்கே எல்லாப் பெயரையும் ஒரே எழுத்தர்தான் எழுதியிருப்பார்.

கையொப்பம் கிடைக்காதபோது இல்லாமையைத் தேடுங்கள். ஊருக்குப் போகும் ஆர்கனிஸ்டுக்குப் பாடகர் குழு விடைகொடுத்த செய்தி ஒரு வாரம் வரும். அதே வாரம் நிறுவனத்தின் பெயரில் "நான் இல்லாத காலத்தில் இன்னார் கையொப்பமிடுவார்" என்ற அறிவிப்பு வந்திருந்தால், பயணிகள் பட்டியலிலும் அந்தக் குடும்பப் பெயர் இருந்தால், மூன்றும் சேர்ந்து ஒரே மனிதரைக் காட்டுகின்றன. திரும்பி வந்ததற்கும் இதே மாதிரி பொருத்தம் கிடைத்தால் இன்னும் நல்லது.

அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் எழுதியிருக்கலாம். குடியிருப்பை முகவரி நூலோடு ஒத்துப் பாருங்கள். தெருப் பெயர் மாறியதையும் கணக்கில் கொள்ளுங்கள், கமர்ஷியல் ஸ்குவேர் 1858இல்தான் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆனது. இறப்புச் செய்தியில் இரண்டு வாழ்வும் ஒன்றாக வர வாய்ப்பு அதிகம், அதனால் இறந்த தேதியைக் கண்டுபிடிப்பது முக்கியம். 1865 வரை ஃபோர்ட் கேனிங், அதன்பின் 1907 வரை புக்கிட் தீமா, பிறகு பிடாடாரி என்று கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் இடம் மாறின. பிடாடாரி 1972இல் மூடப்பட்டு, கல்லறைகள் 2001க்குப் பின் அகற்றப்பட்டன, ஆகவே கல்லைத் தேடி அலைய வேண்டாம். கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அடக்கப் பதிவேடுகளைக் கேளுங்கள். ஃபோர்ட் கேனிங் சுவரில் பதித்த பழைய கற்களை மட்டும் இன்றும் நேரில் படிக்கலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்து தெளியும். கல்லில் சுண்ணாம்போ மாவோ தடவக் கூடாது.

எழுதும்போது

ஒரு தாளில் நான்கு பத்திகள் வரையுங்கள்: தேதி, சான்று, அது சொல்வது, எவ்வளவு உறுதி. கடைசிப் பத்தியில் "காகிதம்", "ஊகம்", "குடும்பச் சொல்" என்ற மூன்றில் ஒன்றைப் போடுங்கள். கட்டுரையிலும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும். "1893இல் சபைக் கணக்கில் அவர் பெயர் வருகிறது" என்பதும் "அவர் 1890 முதல் வாசித்தார் என்று குடும்பத்தார் சொல்வர்" என்பதும் ஒரே எடையில் நிற்கக் கூடாது. குடும்பச் சொல்லை ஒதுக்கவும் வேண்டாம். காகிதம் காட்டாத குணத்தை அதுதான் காட்டும்.

பதிவேட்டுப் படங்களை அச்சிடுமுன் ஆலய அலுவலகத்திடமும் காப்பகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பதில் வர வாரக்கணக்கில் ஆகும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி தெரியும் பக்கங்களை வெட்டிவிடுங்கள். மலர் அச்சானதும் இரண்டு படிகளை நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்தில் ஒப்படைக்க வேண்டும், அது சட்டம். உங்கள் நான்கு பத்தித் தாளின் படி ஒன்றைச் சபை அலுவலகக் கோப்பிலும் வைத்துவிடுங்கள். அடுத்த மலர் எழுத வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.